இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது முதலில் இதுதான்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போய் இறங்கியதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

என் முதல் காரில் நான் இதைச் செய்யவில்லை. "உங்களுக்காகத்தான் சூடு பண்ணி வைத்தேன்" என்றார் விற்றவர். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் வாசலெல்லாம் நீலப் புகை. என் மனைவி ஒன்றும் பேசாமல் ஜன்னலைச் சாத்தினாள்.

முன்பே சூடான இன்ஜினில் இந்த முதல் புகை தெரியாமல் போய்விடும். புகை என்ன நிறம் என்பதோடு எப்போது வருகிறது என்றும் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு கொத்து நீலமாக வந்து அடங்கினால், ராத்திரி வால்வு சீல் (வால்வைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) வழியாக ஆயில் இறங்கியிருக்கும். பேரம் பேசி வாங்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வளையம்) தேய்ந்திருக்கலாம். அதற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும். குளிரில் வெள்ளை ஆவி சகஜம். சூடேறிய பிறகும் இனிப்பு வாசனையோடு வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களுக்கும் மேல்மூடிக்கும் நடுவே உள்ள அடைப்பு) போய் கூலன்ட் உள்ளே கசியலாம். கறுப்புப் புகை பெரும்பாலும் கார்புரேட்டர் வேலை. அதற்காக நான் எந்த வண்டியையும் வேண்டாமென்று சொன்னதில்லை.

அப்புறம் 20 நிமிடமாவது ஓட்டுங்கள். ஆறிய இன்ஜினில் ஆயில் பிரஷர் எல்லா வண்டியிலும் நன்றாகத்தான் காட்டும். சூடான பின் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ அழுத்தம் என்பது மெக்கானிக்குகளின் பழைய கைக்கணக்கு. சரியான அளவு அந்தந்த மாடலின் மேனுவலில் இருக்கும்.

மனசுக்குப் பிடித்துவிட்டால் கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற சோதனை) பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் லீக்-டவுன் டெஸ்டும் செய்யச் சொல்லுங்கள்; சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். காற்று சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடி வழியாக வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி விட்டால் ஹெட் கேஸ்கட். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் இருப்பது போன்ற, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி இன்ஜினுக்குச் சாதாரண மீட்டர் போதாது. ஒவ்வொரு ரோட்டரின் 3 முகங்களையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும்.

ஓடாத கிலோமீட்டரைப் பார்த்து மயங்காதீர்கள். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் சீல்கள் காய்ந்திருக்கும், சிலிண்டரில் துரு பிடித்திருக்கலாம். வால்வுகளை பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான், நின்றாலும் வயசாகும். 1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944-ஐப் பார்க்கிறீர்களா? அதில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். பெல்ட் மாற்றிய ரசீதைத் தேதியோடு கேளுங்கள். "போன வருஷம்தான் மாற்றினோம், பேப்பர் எங்கேயோ இருக்கு" என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஆசை விடவில்லையா, சரி, வாங்குங்கள். ஆனால் ஓட்டிக்கொண்டு வராதீர்கள்; வேறு வண்டியில் ஏற்றி நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோய் இறக்குங்கள்.