வயல்ல எலிக்கு நாய் பழக்குறது எப்படி? எங்க தொண்டி பக்கத்து அனுபவம்

எங்களுக்கு தொண்டி பக்கம் கொஞ்சம் நெல்லு, மேட்டுல முண்டு மிளகா, வீட்டுக்கு பின்னாடி தென்னை. எலிக்கு மருந்து வைக்கிறத விட்டுட்டு நாயை வச்சு சமாளிக்கிறேன்னு சொன்னா நிறைய பேரு எப்படின்னு கேக்குறாங்க, அதான் தெரிஞ்சத மொத்தமா எழுதிடுறேன்.

முதல்ல ஒன்னு, மருந்தும் நாயும் ஒரே வயல்ல வேணாம். கருப்பன்னு ஒரு நாய் வச்சிருந்தேன், பக்கத்து வரப்புல மருந்து தின்ன எலிய கவ்வி தின்னுருக்கு, எனக்கு தெரியல, நாலு நாள் கழிச்சு மூக்குல ரத்தம், ஈறு வெளுத்து போச்சு, டாக்டர்ட்ட தூக்கிட்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. புரோமடியோலோன் கேக்கு அப்படித்தான், ரத்தத்த உறைய விடாது, அறிகுறி தெரியவே மூணு நாலு நாள் ஆகும். அதுக்கு வைட்டமின் கே1 ஊசி இருக்கு, ஆனா சீக்கிரம் போகணும். ஜிங்க் பாஸ்பைடு கருப்பு பொடிக்கு மாத்து மருந்தே கிடையாது. அதனால இப்பல்லாம் வயலுக்கு போறதுக்கு முன்னாடி சுத்தி உள்ள நாலு பேர்ட்டயும் "அண்ணே மருந்து வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் நாயை அவுக்குறேன், வச்சிருந்தா அந்த வாரம் போறதே இல்ல.

நாய் எதுன்னு கேட்டா நடுத்தர சைஸ் நாட்டு நாய் போதும்ங்க. சிப்பிப்பாறை ஓட்டத்துல கில்லாடி, திறந்த வெளியில தப்பி ஓடுற எலிய அமுக்கிரும், ஆனா வளை வாசல்ல மோந்துக்கிட்டு பொறுமையா நிக்கிறது, மண்ண பறண்டுறது எல்லாம் நாட்டு நாய்தான் நல்லா செய்யும். ஒன்ன விட ரெண்டு நாய் நல்லது, ஒன்னு வாசல்ல, ஒன்னு வெளியில.

குட்டிலயே ஆட்டுக்குட்டி கோழியோட சேத்து வளக்கணும், அதுகள தொரத்துனா அன்னைக்கே கண்டிக்கணும், பெருசான பின்னாடி மாத்த முடியாது. கூப்புட்டா வரணும், "விடு"ன்னா வாயில உள்ளத கீழ போடணும், இந்த ரெண்டும் வராம வயலுக்கு கூட்டிட்டு போகாதீங்க. பல்லு மாறி முடிய ஆறேழு மாசம் ஆகும், அதுக்கு முன்னாடி உசிரோட உள்ள எலிகிட்ட விடவேணாம், பெருச்சாளி மூக்குல ஒரு கடி கடிச்சிருச்சுன்னா குட்டி பயந்து போயி அப்பறம் வளை பக்கமே வராது. முதல்ல செத்த எலிய மோந்து பாக்க விடுங்க, அப்பறம் பழகுன நாயோட சேத்து கூட்டிட்டு போங்க, அது பாத்தே கத்துக்கும். வெறிநாய் ஊசி மூணு மாசத்துல போட்டு வருசா வருசம் போடணும், அதோட எலிக்காய்ச்சலுக்கு சேந்து வர்ற தடுப்பூசியும் கட்டாயம், எலி வேலை பாக்குற நாய்க்கு அந்த காய்ச்சல்தான் பெரிய ஆபத்து.

இப்ப வேலைக்கு வருவோம். நாய் தனியா எலிய ஒழிக்காது, கூட மம்பட்டியோட ஆள் வேணும். முந்துன நாள் சாயங்காலம் வரப்புல உள்ள எல்லா வளையையும் மண்ணு வச்சு அடைச்சிட்டு வந்துருங்க, காலையில எது திறந்திருக்கோ அதுலதான் எலி இருக்கு. புது மண்ணு குமிஞ்சு கெடந்தா வரப்பெலி. புது மண்ணே இல்லாம வாசல் வழவழன்னு இருந்தா பாம்பு இருக்கலாம், எலி வளைல நல்லபாம்பும் விரியனும் குடியிருக்கும், கைய விடவே கூடாது, நாயையும் அங்க இருந்து கூப்புட்டுருங்க. சாரைப்பாம்ப அடிக்காதீங்க, அதுவும் நம்ம எலி வேலைதான பாக்குது.

திறந்த வளைல ஒரு வாசல மட்டும் விட்டுட்டு மத்தத அடைச்சு, நாயை வாசலுக்கு ஒரு அடி தள்ளி நிப்பாட்டி, அடைச்ச வாசல்ல ஒன்ன லேசா திறந்து அது வழியா தண்ணி ஊத்தணும், தண்ணி இல்லன்னா வைக்கோல் புகை போடணும், இல்ல மம்பட்டியால தோண்டிக்கிட்டே வரணும். எலி சில நேரம் மேல மண்ணு மெலிசா மூடுன தப்பிக்கிற வழிய வச்சிருக்கும், திடீர்னு அங்கிட்டு இருந்து பாயும், ரெண்டாவது நாய் அதுக்குத்தான். நாய் கவ்வி ஒரே உலுக்குல முடிச்சிரும். உடனே "விடு" சொல்லி வாங்கிட்டு ஒரு துண்டு கருவாடோ வேற எதுவோ குடுங்க, எலிய தின்ன விடாதீங்க. செத்தத எல்லாம் ரெண்டடி ஆழத்துல புதைங்க. உள்ள குஞ்சு இருக்கும், சேத்து வச்ச நெல்லுக்கதிரும் இருக்கும், விடாம கடைசி வரைக்கும் தோண்டுங்க, வரப்பெலி மூணு வாரத்துல குட்டி போட்டுரும். ஒன்னு, கம்மாக்கரைய மட்டும் தோண்டிராதீங்க, மழைக்கு உடைப்பு எடுத்துச்சுன்னா ஊருக்கே ஆபத்து.

நம்ம ஊரு வெயிலுக்கு காலையில வெள்ளென ஆரம்பிச்சு எட்டரைக்குள்ள முடிச்சிரணும், நல்ல தண்ணி கேன்ல கொண்டு போங்க, உப்புத்தண்ணிய குடிக்க விடாதீங்க. முயல், உடும்பு, கீரிய தொரத்துனா உடனே கூப்புட்டு கட்டிருங்க, அதெல்லாம் 1972 வனவிலங்கு சட்டத்துல வருது.

காலம் முக்கியம். அறுப்பு முடிஞ்ச மாசி பங்குனியிலயும், புழுதி விதைப்புக்கு (மழைக்கு முன்னாடி காஞ்ச மண்ணுல விதைக்கிறது) முன்னாடியும் வரப்ப சுத்தம் பண்ணுனா பாதி வேலை முடிஞ்சது. பயிரு பொதி கட்டுன (கதிரு உள்ள உருவான) பின்னாடி நாயை உள்ள விட்டா பயிரு மிதிபடும், அப்ப தஞ்சாவூர் கிட்டி (மூங்கில்ல செய்யிற எலிப்பொறி) வைக்கிறதுதான் சரி. அதிகமா எலி கிடைக்கிறது வைக்கோல் படப்ப மாத்துறப்பதான், நாலு பக்கமும் நாய் நிக்க மேல இருந்து பிரிச்சா அடியில இருந்து கொத்தா ஓடும். தென்னை எலிக்கு நாய் உதவாது, அது மரத்துலயே குடியிருக்கும், மரத்துல தகரம் சுத்தி, மட்டை குமியல அப்பறப்படுத்துங்க.

வேலை முடிஞ்சதும் நாயோட வாயி, மூக்கு, கால பாத்து கடி இருந்தா கழுவி அயோடின் போடுங்க. நீங்களும் பூட்ஸ் கிளவுஸ் போட்டுத்தான் நிக்கணும், அடுத்த ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா எலி வேலை பாத்தேன்னு டாக்டர்ட்ட சொல்லிருங்க.

பத்து நாள் கழிச்சு சாயங்காலம் போயி திரும்ப வளைய எல்லாம் அடைங்க, காலையில எத்தன திறந்திருக்குன்னு எண்ணி நோட்டுல எழுதிக்கிட்டு, அந்த வளைக்கு மட்டும் நாயோட போனா போதும்.