லிஸ்பன் முதல் ஹெல்சின்கி வரை: தூரமும் பறக்கும் நேரமும் கணக்கிடும் முறை

ஐரோப்பாவின் தென்மேற்கு ஓரத்தில் லிஸ்பன், வடகிழக்கில் ஹெல்சின்கி. இடையில் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் நொடியில் விடை கிடைக்கும். ஆனாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். அப்புறம் எந்த இரண்டு ஊருக்கும் நீங்களே கணக்கிடலாம். சைன், கொசைன் உள்ள கால்குலேட்டர் ஒன்று போதும்.

படி 1: ஊர்களின் இடம்

லிஸ்பன்: அட்சரேகை 38.72 வடக்கு, தீர்க்கரேகை 9.14 மேற்கு.
ஹெல்சின்கி: 60.17 வடக்கு, 24.94 கிழக்கு.

ஓர் ஊர் கிரீன்விச்சுக்கு மேற்கே, மற்றது கிழக்கே. அதனால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 34.08 டிகிரி. இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கழிக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும்.

படி 2: கோணம்

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.5426. அவற்றின் கொசைன்களோடு 34.08-இன் கொசைனையும் சேர்த்துப் பெருக்கினால் 0.3214. கூட்டுத்தொகை 0.8640. எந்தக் கோணத்துக்குக் கொசைன் 0.8640? சுமார் 30.2 டிகிரி. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள கோணம் இதுதான்.

படி 3: தூரம்

பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,030 கி.மீ. அதை 360-ஆல் வகுத்தால், ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. இதை 30.2-ஆல் பெருக்குங்கள்: சுமார் 3,360 கி.மீ.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சுவரில் மாட்டும் வழக்கமான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அதன் நடுப்புள்ளி ஜெர்மனிக்குள் விழும். உருண்டையான பூமியில் மிகக் குறுகிய பாதையின் நடுப்புள்ளியோ பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் குளோப் இருந்தால் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும். (சாலை வழி 4,000 கி.மீ.-ஐத் தாண்டும்.)

படி 4: பறக்கும் நேரம்

இந்த வழித்தடத்துக்கு ஏற்ற ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் உயரே போனபின் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். 3,360-ஐ 830-ஆல் வகுத்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது, நேர்கோட்டிலிருந்து விலகிப் போவது எல்லாவற்றுக்கும் 30 முதல் 40 நிமிடம் சேருங்கள். சுமார் 4 மணி 40 நிமிடம்.

சரி, காற்று? ஐரோப்பாவுக்கு மேலே உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். அது மணிக்கு 50 கி.மீ. உதவுகிறது என்று வைத்துக்கொண்டால் ஹெல்சின்கி போகும்போது வேகம் 880, திரும்பும்போது 780. போக வர நேரத்தில் அரை மணி வித்தியாசம் வந்துவிடும். திரும்பும் பயணத்துக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

படி 5: கடிகாரம்

ஹெல்சின்கி நேரம் லிஸ்பனைவிட 2 மணி முன்னால். இரண்டு நாடுகளும் ஒரே சமயத்தில் கோடை நேரத்துக்கு மாறுவதால் இந்த வித்தியாசம் ஆண்டு முழுக்க அப்படியே இருக்கும்.

லிஸ்பனில் காலை 8:00-க்குக் கிளம்பினால் ஹெல்சின்கியில் மதியம் 2:40. அங்கிருந்து காலை 8:00-க்குக் கிளம்பினால் லிஸ்பனில் 11:00 மணிக்கே இறங்கிவிடலாம். டிக்கெட்டில் 8:00, 11:00 என்று போட்டிருப்பதைப் பார்த்து மூன்று மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடாதீர்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் ஐந்து மணி நேரத்துக்கான சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள்.