லண்டன் கார்க் காப்புறுதியில் சட்டச் செலவுப் பாதுகாப்பு: சேர்ப்பதா, விடுவதா?

லண்டனில் முதன்முதலாகக் கார் வாங்கிய என் தமக்கையின் மகன், காப்புறுதிப் படிவத்தைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, கொக்குவிலில் இருக்கும் என்னை வீடியோ அழைப்பில் கூப்பிட்டான். "மாமா, கடைசிப் பக்கத்தில சட்டப் பாதுகாப்பு எண்டு ஒண்டுக்கு 28 பவுண் கேக்குது. போடட்டோ, விடட்டோ?" என்பதே அவனது கேள்வி. அன்றிரவு நாங்கள் இருவரும் பார்த்த ஒழுங்கிலேயே இதனை எழுதுகிறேன். சட்ட விபரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரியவை.

முதற்படி, அது எதற்கான பாதுகாப்பு என்று விளங்கிக்கொள்வது. நாம் யாரையாவது இடித்துவிட்டால் நமக்காக வழக்கறிஞர் வைத்து வாதாடுவதற்கே இது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் மற்றவர் நம்மிடம் கேட்கும் நட்டஈட்டைக் கவனிப்பது அடிப்படைக் காப்புறுதியின் வேலை. பிழை மற்றவருடையதாக இருந்து, நம்முடைய காப்புறுதி தராத இழப்புகளை அவரிடமிருந்து அறவிடுவதற்கு ஆகும் சட்டச் செலவுக்கே இந்த மேலதிகப் பாதுகாப்பு முக்கியமாக உதவுகிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு 20 முதல் 35 பவுண் வரை கேட்பார்கள். செலவுக்கான உச்சவரம்பு வழமையாக 100,000 பவுண்.

இரண்டாவதாக, அந்த இழப்பு எவ்வளவு வரக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சிவப்பு விளக்கில் நிற்கும் காரைப் பின்னால் வந்தவர் இடித்தார் என்று வைத்துக்கொள்வோம். முழுக்காப்புறுதி இருந்தால் கார் திருத்தப்படும். ஆனால் நாமே ஏற்கவேண்டிய முதல் 350 பவுண், வேலைக்குப் போன டாக்சிக்கு 120, கழுத்து நோவால் இழந்த சம்பளம் 280 என்று 750 பவுண் நம் தலையில் விழும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர் கார் திருத்தும் செலவையும் தாமே அறவிட வேண்டியிருப்பதால், அவருக்கு இதன் பயன் இன்னும் கூடுதலானது.

மூன்றாவது கேள்விதான் தீர்மானமானது: வழக்கறிஞரின் கூலியை யார் கொடுப்பது? பொருள் இழப்புக் கோரிக்கை 10,000 பவுணுக்கு மேற்படாவிட்டால், அது பொதுவாகச் சிறுவழக்கு முறைக்குள் அடங்கும். அங்கே வென்றாலும் வழக்கறிஞர் கூலியை எதிர்த்தரப்பிடம் பெரும்பாலும் பெற முடியாது. 2021 மே 31 முதல், காரில் சென்றவர்களின் காயத்துக்கான சிறுவழக்கு எல்லையும் 1,000 பவுணிலிருந்து 5,000 பவுணாக உயர்த்தப்பட்டது. சிறிய காயங்களுக்கு வழக்கறிஞர் இல்லாமலே கோரிக்கை வைக்க இணையத்தளம் உண்டு. ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் ஆறு மாதம் விடாமல் நச்சரிக்கவும் பொறுமையுள்ளவர் 28 பவுணை மிச்சம் பிடிக்கலாம். என் மருமகன் அந்த ரகமல்லன்.

ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். தொழிற்சங்க உறுப்புரிமையில் காயத்துக்கான சட்ட உதவி சேர்ந்திருப்பதுண்டு. வீட்டுக் காப்புறுதியிலுள்ள சட்டப் பாதுகாப்பை நம்பி இருந்துவிட வேண்டாம்; அது பெரும்பாலும் வாகன விவகாரங்களை விலக்கியே எழுதப்பட்டிருக்கும்.

இறுதியாக, நிபந்தனைகள். வெல்லும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால்தான் காப்புறுதி நிறுவனத்தார் செலவை ஏற்பார்கள் என்பது ஏறத்தாழ எல்லாப் பத்திரங்களிலும் உண்டு. ஆகவே சாட்சியோ டாஷ் கமராவோ இல்லாமல், அவர் ஒன்றும் இவர் ஒன்றுமாகச் சொல்லும் விபத்தில் அவர்கள் கைவிரித்துவிடலாம். அவர்களைக் கேளாமல் நாமே வழக்கறிஞரைப் பிடித்தால் அந்தச் செலவு நம்முடையதே. வாகனத் தரிப்பிடத் தண்டப்பணத்துக்கும் இது பொதுவாக உதவாது. மேலதிகப் பாதுகாப்புகளுக்கு முன்கூட்டியே சரி அடையாளம் போட்டு விற்பது 2016 ஏப்ரல் முதல் அங்கே தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே அந்தப் பெட்டி வெறுமையாக இருப்பதைப் பார்த்து, தேவையில்லாதது போலும் என்று முடிவுகட்ட வேண்டாம்.

மருமகன் தினமும் காரிலேயே வேலைக்குப் போகிறவன். விபத்தில் அவன் ஏற்க வேண்டிய முதல் தொகை 500 பவுண். சங்கத்திலும் உறுப்பினன் அல்லன். போடச் சொன்னேன். பணம் கட்டி முடிந்ததும், பத்திரத்தின் ஏழாம் பக்கத்திலிருந்த சட்ட உதவித் தொலைபேசி இலக்கத்தைத் தன் கைபேசியில் பதிந்து எனக்குக் காட்டிய பிறகே அழைப்பைத் துண்டிக்க விட்டேன்.