ஆட்டோவேக்யூம் ஓடியும் டேபிள் ஊதிக்கொண்டே போகிறதா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆபீசில் ஆர்டர் டேபிள் நத்தை வேகத்துக்கு வந்துவிட்டது. அதில் ஒரு கோடி வரிசை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நிறுவவும் அதன் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல்லைத் திறக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வரிசையை அப்டேட் செய்தால் பழைய வரிசை உடனே போய்விடாது, செத்துப்போய் அங்கேயே கிடக்கும். அதைக் கூட்டித் தள்ளத்தான் ஆட்டோவேக்யூம். இயல்பான அமைப்பில் 50 வரிசையும் அதற்கு மேல் டேபிளில் 20 சதவீதமும் செத்த பிறகுதான் அது துடைப்பத்தைக் கையில் எடுக்கும். சின்ன டேபிளுக்குச் சரி, ஒரு கோடி என்றால் இருபது லட்சம் சாகும்வரை சும்மா இருக்குமே!

முதலில் பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் வியூவில் என்_டெட்_டப் (செத்த வரிசை எத்தனை), லாஸ்ட்_ஆட்டோவேக்யூம் (கடைசியாக ஓடியது எப்போது) இரண்டையும் பாருங்கள். அப்புறம் பெரிய டேபிளுக்கு மட்டும் ஆல்டர் டேபிள் போட்டு அந்த 20 சதவீதத்தைத் தீர்மானிக்கும் ஆட்டோவேக்யூம்_வேக்யூம்_ஸ்கேல்_ஃபேக்டரை 0.01, அதாவது 1 சதவீதம், ஆக்குங்கள். சர்வர் முழுக்க மாற்றுவது எனக்குப் பிடிக்காது. லாக்_ஆட்டோவேக்யூம்_மின்_டியூரேஷனை 0 ஆக்கி ரீலோட் செய்தால் ஒவ்வொரு ஓட்டமும் லாகில் (சர்வர் எழுதும் பதிவேட்டில்) விழும்.

நான் சறுக்கியது இதற்குப் பிறகு. நிமிடத்துக்கு ஒரு தடவை வேக்யூம் ஓடுகிறது, செத்த வரிசை ஒன்றுகூடக் குறையவில்லை. ஸ்கேல் ஃபேக்டரை இன்னும் இறக்கினேன், வேக்யூம் ஒரு மூச்சில் எவ்வளவு வேலை செய்யலாம் என்ற காஸ்ட் லிமிட்டை ஏற்றினேன், பாதி நாள் போய்விட்டது. கடைசியில்தான் லாகை ஒழுங்காகப் படித்தேன்: ‘டெட் பட் நாட் யெட் ரிமூவபிள்’. அதாவது, ஏதோ ஒரு பழைய டிரான்ஸாக்ஷன் (கமிட் போட்டு முடிக்கும்வரை ஒரே கட்டாக இருக்கும் வேலை) இன்னும் திறந்திருக்கிறது, அதற்குப் பின் செத்த எதையும் எடுக்க முடியாது. இப்போது திறந்திருக்கும் செஷன்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியை எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட் (டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம்) வரிசையில் அடுக்கிப் பார்த்தால் மூன்று நாளாக ‘ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்’ என்று ஒரு செஷன் படுத்திருக்கிறது. யாருடையது? என்னுடையதுதான்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரு மடிவாளாவில் சேலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், மவுஸால் ஓட்டும் ஒரு கருவியில் ஒரு அப்டேட்டைப் போட்டு, கமிட் செய்யாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறேன். அன்றிலிருந்து புரொடக்ஷனுக்கு (நிஜ வேலை ஓடும் சர்வருக்கு) பிஎஸ்க்யூஎல் மட்டும்தான்.

பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் போட்டு அந்த செஷனை முடித்தேன். அடுத்த ஓட்டத்திலேயே குப்பை காலி. நீங்கள் முன்கூட்டியே ஐடில்_இன்_டிரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டை 10 நிமிடம் என்று வைத்துவிடுங்கள். இயல்பில் அது 0, அதாவது காலவரம்பே கிடையாது.

பின்சேர்க்கை: ‘எல்லாம் செய்தேன், டிஸ்க் மட்டும் குறையவில்லை’ என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் குறையாது. காலியான இடம் அந்த டேபிளுக்குள்ளேயே புது வரிசைகளுக்குப் பயன்படும். வேக்யூம் ஃபுல் போட்டால் சுருங்கும், ஆனால் அது முடியும்வரை அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது, பகலில் போட்டுவிடாதீர்கள். நான், டேபிளை அப்படி நெடுநேரம் பூட்டாமல் சுருக்கும் பிஜி_ரீபேக் என்ற தனிக் கருவியின் பக்கம்.

இன்னொருவர் ஆட்டோவேக்யூம் ஒர்க்கரை (ஒரே நேரத்தில் துடைக்கும் ஆட்களை) 3-இலிருந்து 6 ஆக்கியும் வேகம் கூடவில்லை என்றார். காஸ்ட் லிமிட் 200-ஐ எல்லா ஒர்க்கரும் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால் ஆள் கூடக் கூட ஆளுக்குக் கிடைப்பது குறையும். முதலில் லிமிட்டை ஏற்றுங்கள்.