டிஷ் சேனலை வீட்டு வைஃபையில் பார்க்க: வேலூர் மாடிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொட்டை மாடி டிஷ்ஷில் இறங்கும் சிக்னலை அதை வீட்டு நெட்வொர்க்கில் ஓடும்படி மாற்றித் தரும் ஒரு சாட்-ஐபி பெட்டி வழியாக ரூட்டருக்குக் கொடுத்தால், செல்போனிலும் லேப்டாப்பிலும் இலவச சேனல்கள் ஓடும். இன்டர்நெட் டேட்டா செலவாகாது. படம் உறைந்தால் முதலில் திட்டு வாங்குவது வைஃபை. ஆனால் கோளாறு பெரும்பாலும் மாடியில்தான் இருக்கும்.

பெட்டி வாங்கும்போதே, தரைவழி ஒளிபரப்புக்கான டிவிபி-டி2 ட்யூனரை எடுத்துவிடாதீர்கள். 2016இல் தூர்தர்ஷன் அந்தத் தரைவழிச் சேவையைத் தந்த 16 நகரங்களில் சென்னை உண்டு, வேலூர் இல்லை. டிஷ்ஷுக்கு வேண்டியது டிவிபி-எஸ்2.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. வேலூருக்கு அது தென்கிழக்கே, காம்பஸில் 131 டிகிரியில், 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. "மலை மறைக்குது" என்று டிஷ்ஷை இடம் மாற்றுவது வீண் வேலை. இந்த உயரத்தை நம் ஊர் மலை எதுவும் மறைக்காது. டிஷ்ஷைவிட 10 அடி உயர்ந்த சுவர்கூட 5 அடி தள்ளியிருந்தால் தொந்தரவில்லை. தொந்தரவு தருவது தென்னை ஓலை. காற்றடிக்கும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

67 என்றதும் டிஷ்ஷை மல்லாத்திவிடுகிறார்கள். வீடுகளில் வைக்கும் ஆஃப்செட் டிஷ், தன் முகம் பார்ப்பதைவிட மேலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கும்; அதனால் சுமார் 24 டிகிரி கழியும். அதன் முகம் 43 டிகிரி அளவில் நிமிர்ந்திருந்தால் சரி. அடுத்தது எல்என்பி, அதாவது டிஷ்ஷின் முன்னே நீட்டிய கையில் இருந்து சிக்னலை வாங்கும் கருவி. அதை நேராக முடுக்கிவிட்டுப் போவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, இடஞ்சுழியாக 45 டிகிரி திருப்புங்கள். பிறகு பெட்டி காட்டும் சிக்னல் குவாலிட்டி எண் ஏறும் பக்கம் நூல் நூலாக நகர்த்துங்கள். ஸ்ட்ரெங்த்தை நம்பாதீர்கள், வெறும் வானத்தைப் பார்த்தாலும் எல்என்பியின் இரைச்சலே அதை ஏற்றிக் காட்டும்.

டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஆர்ஜி-6 கேபிளைச் சீவும்போது பின்னல் கம்பியின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்என்பிக்குப் போகும் கரண்ட் ஷார்ட் ஆகும். கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிடுங்கள். ஐப்பசி மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

உங்கள் பெட்டி தரும் சேனல் லிங்க்கைத் தெருவுக்கே திறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஆளுக்கொரு குட்டி ஆன்டெனா ஒதுக்கி, உள்ளூர் சேனல்களை இன்டர்நெட்டில் காட்டிக் காசு வாங்கிய ஏரியோ நிறுவனத்துக்கு எதிராக, காப்புரிமை வழக்கில் 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெட்டியை ரூட்டரோடு லேன் கேபிளில் இணைத்து, செட்டிங்கில் யூனிகாஸ்ட் (கேட்கும் கருவிக்கு மட்டும் அனுப்பும் முறை) வையுங்கள். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் மல்டிகாஸ்ட் வைஃபையைத் திணறடிக்கும். எம்பெக்-2 என்ற பழைய வீடியோ வடிவில் வரும் சேனல்கள் பிரவுசரில் திறக்காது, விஎல்சி பிளேயரில் ஓடும். பூட்டிய சேனல்கள் எதிலும் வராது.