வண்டி ஓடாவிட்டாலும் ஆயில் கெடும்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், கோரிமேட்டுக்கு அருகே பட்டறை வைத்திருக்கிறேன். போன வாரம் மலைக்குக் கிளம்பிய ஒரு தம்பி டயருக்குக் காற்றடிக்க நிறுத்தினார். ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். தார்போல் கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"இரண்டு வருடம் இருக்கும் அண்ணா. ஆனால், 3,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லையே?"

20 வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

என்னால் பொறுக்க முடியாத தவறு இது. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேட்டில் ஆயில் மாற்ற '10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது' என்று இருக்கும். முதல் பாதியைப் படித்துவிட்டுக் கையேட்டை மூடிவிடுகிறார்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோட்டுக்குப் போய்வரும் வண்டியில், இன்ஜின் நன்றாகச் சூடேறும் முன்பே சாவியைத் திருப்பிவிடுகிறோம். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலில் இறங்குகிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கலக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் இவை ஆவியாகிப் போய்விடும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடினால் ஆயிலிலேயே தங்கி, நாளடைவில் அதைச் சேறாக்கிவிடும். ஓடாத வண்டிக்குத்தான் நாள்கணக்கு முக்கியம்.

என் முதல் காரை இப்படி 3 வருடம் விட்டுவைத்தேன். ஒரு மே மாதம் அம்மாவை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. அந்த நொடியே இன்ஜினை அணைத்திருக்க வேண்டும். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தேன். அடுத்த வளைவில் கடகடவென்று சத்தம் கேட்டது, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், ஆயிலை உறிஞ்சும் வலை முழுக்கச் சேறு. இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள் அழிந்துபோயிருந்தன. ஆயிலுக்கு மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு செலவானது. நடுமலையில், மதிய வெயிலில், அம்மாவைப் பாறைமேல் உட்காரவைத்தது இன்றும் உறுத்துகிறது.

அளவுக்கு மேல் ஊற்றுவது

கம்பியின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால், சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை பேரிங்கைக் காக்காது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சில நிமிடம் கழித்து அளவு பாருங்கள். மலைச் சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு தவறாகக் காட்டும்.

நிறத்தை நம்புவது

டீசல் இன்ஜினில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும்.

ஆயில் மாற்றும்போது பழைய ஆயில் பில்டரையே விடுவது

கூடாது.

வெயில் ஊர் என்று கெட்டி ஆயில் ஊற்றுவது

ஆயிலின் கெட்டித்தன்மைக்குக் கையேட்டில் உள்ள எண்தான். கடைக்காரர் சொல்வதல்ல.

கழிவு ஆயிலைச் சாக்கடையில் கொட்டுவது

வீட்டில் நீங்களே மாற்றினால், பழைய ஆயிலைக் கேனில் பிடித்துப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். கழிவு ஆயில் எடுப்பவர் வரும்போது சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.