நண்பர்களோடு குளிர்கால மலைநடை: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

குளிர்காலத்தில் குன்றேறத் தீர்மானிக்கும் நண்பர்கள் எந்த உச்சிக்குப் போவது என்பதைத்தான் வழக்கமாக முதலில் பேசுவார்கள். முதலில் பேச வேண்டியதோ அன்று எத்தனை மணிக்கு இருட்டும் என்பதை. ஆகவே இந்த விளக்கத்தைக் கடிகாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: நேரத்தைக் கணக்கிடுதல்

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டர் நடைக்கு 1 மணி நேரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் 1 மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். அதன்படி 10 கிலோமீட்டர் தொலைவும் 600 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதைக்கு 3 மணி நேரம் பிடிக்கும். ஆனால், பழகிய கால்கள் நல்ல பாதையில் நிற்காமல் நடந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். சேறும் வழுக்கலும் கனத்த பையும் புதியவர்களும் சேரும்போது அதில் பாதியைக் கூட்டி நாலரை மணி என்றும், ஓய்வுக்கு அரை மணி சேர்த்து 5 மணி என்றும் கொள்வதே என் வழக்கம். மாலை 4:30-க்குச் சூரியன் மறையும் நாளில், 3 மணிக்குள் அடிவாரம் திரும்பக் காலை 10 மணிக்கே நடையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

இதே வேளையில் திரும்பும் நேரத்தையும் முடிவு செய்துவிடுங்கள். 1 மணி என்று குறித்தால், உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் 1 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து எடுப்பதற்குக் காரணம், மேலே போனபின் "இன்னும் பத்தே நிமிடம்" என்று சொல்லும் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார் என்பதுதான்.

படி 2: வரைபடமும் வானிலையும்

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்தானது. முதல் நடைக்கு அவை விலகியிருக்கும் வழியே போதும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், அடிவாரத்து ஊருக்கான முன்னறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது தவறு. காற்றின் வேகத்தை அதைவிடக் கவனமாகப் பாருங்கள்: வெப்பநிலை 0 டிகிரியாக இருக்கையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 7 டிகிரியாகத் தோன்றும். சில நாட்களில், உயரே போகப் போகக் குளிரும் என்ற கணக்குக்கு நேர்மாறாகவும் நடக்கும். காற்றற்ற தெளிந்த இரவில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கிவிடுவதால், விடியலில் கீழே மூடுபனி கிடக்க, உச்சியில் வெயில் காயும். குளிர்கால நடையின் மிகப் பெரிய பரிசு இதுதான் என்பேன்.

படி 3: உடை

புதியவர்கள் குளிருக்கு அஞ்சி இருப்பதையெல்லாம் அணிந்துகொண்டு ஏறத் தொடங்குவார்கள். கால் மணி நேரத்தில் வியர்த்து நனைவார்கள். பிறகு ஓய்வெடுக்க நிற்கும்போது அந்த ஈரமே அவர்களை நடுங்க வைக்கும். ஆகவே தொடங்கும்போது சற்றுக் குளிரும்படியே கிளம்புங்கள். உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் மெல்லிய உடை, அதன் மேல் கம்பளியோ ஃபிளீஸ் என்னும் மென்மையான செயற்கை இழைத் துணியோ, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கி என மூன்று அடுக்குகள் இருந்தால், வேண்டும்போது கழற்றவும் மாட்டவும் எளிது. பருத்தியைத் தவிருங்கள்; நனைந்தால் அது வெப்பத்தைக் காக்காது, எளிதில் காயவும் காயாது.

படி 4: முதுகுப்பை

ஆளுக்கொரு நெற்றி டார்ச், விசில், மாற்றுக் காலுறை, கூடுதலாக ஒரு கம்பளி உடை, சூடான பானம் நிறைந்த ஃபிளாஸ்க், நடந்தபடியே தின்னக்கூடிய உணவு ஆகியவை போதும். வரைபடமும் திசைகாட்டியும் குழுவில் இருவரிடமாவது இருக்கட்டும். குளிரில் கைப்பேசியின் பேட்டரி விரைவில் தீரும் என்பதால் அதை உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

படி 5: சேர்ந்து நடத்தல்

குழுவின் வேகம் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். நடைமுறையில் நிகழ்வதோ வேறு. முன்னே சென்றவர்கள் ஒரு திருப்பத்தில் நின்று இளைப்பாறுவார்கள், பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அதே நொடியில் "சரி, போகலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், பழகியவர் ஒருவர் கடைசியில் வரட்டும். ஓய்வை ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, நின்றவுடன் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். வயல்வெளிகளைக் கடக்கையில் விளிம்பிலேயே நடந்து, வேலிக்கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள்.

படி 6: குளிர் தாக்கினால்

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழ் இறங்கும் நிலையே ஹைப்போதெர்மியா. ஓயாத நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் நடை, காரணமற்ற எரிச்சல் ஆகியவை அதன் அடையாளங்கள். பாதிக்கப்பட்டவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்வார்; நண்பர்கள்தாம் கவனிக்க வேண்டும். காற்றுப்படாத இடத்துக்கு அழைத்துச் சென்று, ஈர உடையை மாற்றி, தரையின் குளிர் ஏறாமல் பைகளின் மேல் உட்கார வைத்து, நன்றாக விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மதுவும் கூடாது, கைகால்களைத் தேய்ப்பதும் கூடாது. நிலைமை தேறாமல் நடுக்கம் தானே நின்றுவிட்டால், அது ஆபத்து முற்றியதன் அறிகுறி. உடனே மீட்புக் குழுவை அழையுங்கள். தொலைபேசி எட்டாத இடத்தில், நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, மீண்டும் ஊதுவது மலைகளில் வழங்கும் உதவிக் குறி.

படி 7: இறக்கம்

களைத்த கால்களோடு, குறையும் வெளிச்சத்தில் இறங்கும்போது சறுக்குவது எளிது. அடியைச் சிறிதாக வையுங்கள், முழங்காலைச் சற்றே மடக்குங்கள், நிழல் விழுந்த பாறையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும் என்றே கொள்ளுங்கள். அடிவாரம் வந்ததும், ஈரக் காலுறையைக் கழற்றுவதற்கும் முன்னால், தகவல் சொல்லி வைத்தவரை அழைத்துத் திரும்பிவிட்டதாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் வண்டியில் உறங்கிக்கொண்டிருக்கும்போது மலையில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.